பாப்பா என்ற ஃபோல்டர்

மகள் அழைத்தபோது நான் வீட்டு முன்னால் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி மஸ்ஜித் தானா என்ற ஊருக்குப் போனதிலிருந்து, அவள் அழைத்தால் முதலில் என்னை வம்புக்கு இழுப்பாள், அப்புறம்தான் விஷயத்துக்கு வருவாள். அன்றைக்கு வம்பு இல்லை.

"அப்பா, பாப்பா படத்தையெல்லாம் எனக்கு அனுப்புங்க. முகம் மறந்து போற மாதிரி இருக்கு" என்றாள்.

அனுப்புகிறேன் என்றேன். அவள் வைத்த பிறகும் எண்ணெய்க் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பெற்றவளுக்கே முகம் மறந்து போகிறது என்றால் அவள் எவ்வளவு நாளாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்திருப்பாள்!

பாப்பா அவளுடைய தலைப்பிள்ளை. என் பேத்தி. குறை மாதத்தில் பிறந்து, மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இருந்து, எங்கள் வீட்டு வாசலைப் பார்க்காமலேயே போய்விட்டாள். மெர்லிமாவுக்கு வெளியே எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்களுக்கு நடுவில் இருக்கிற பழைய தோட்டத்துச் சுடுகாட்டில் புதைத்தோம். எங்கள் பக்கத்தில் அவ்வளவு சின்னப் பிள்ளைக்குக் கருமாதி கிடையாது, கல் வைப்பது கிடையாது, படம் மாட்டி மாலை போடுவதும் கிடையாது. பெற்றவள் அங்கே வரக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். காரில் உட்கார்ந்து அழக்கூட அவளை விடவில்லை. ஆக, அப்படி ஒரு பிள்ளை இருந்தது என்பதற்கு அவளிடம் இருந்தது அந்தப் படங்கள் மட்டும்தான். அவையும் அவளிடம் இல்லை, என்னிடம் இருந்தன.

அது எப்படி என்று சொல்ல வேண்டும். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தவரை படத்தை யாருக்கும் அனுப்பக்கூடாது, கண்ணு பட்டுவிடும், வீட்டுக்கு வந்து முப்பதாம் நாள் சாமி கும்பிட்ட பிறகு அனுப்பலாம் என்று என் மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவளை மட்டும் குறை சொல்ல மாட்டேன், எங்கள் சொந்தத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். அத்தை, சித்தி யார் கைப்பேசியிலும் பாப்பாவின் படம் ஒன்றுகூடப் போகவில்லை. மகளும் மருமகனும் எடுத்ததுதான் மொத்தமும். அடக்கம் முடிந்து வந்த அன்று மருமகன் இரண்டு கைப்பேசிகளையும் என் கையில் கொடுத்தார். "மாமா, எல்லாத்தையும் உங்க பொட்டியில ஏத்திட்டு இதுலேர்ந்து அழிச்சிடுங்க. சும்மா சும்மா தொறந்து பாத்துக்கிட்டே இருக்கா" என்றார். மகளிடம் கேட்டேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே, "அழிச்சிடாதீங்கப்பா, நான் கேக்கிறப்ப குடுங்க" என்றாள். பொட்டியில் 'பாப்பா' என்று ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, கைப்பேசிகளில் இருந்ததை மட்டும் அழித்தேன்.

அதற்குப் பிறகு மகள் அழவே இல்லை. மாதக்கணக்காக. வேலைக்குப் போனாள், சமைத்தாள், பேசினால் பேசினாள். என் மனைவிக்கு அதுதான் பெரிய பயம். அழுது தீர்த்தால் தேவலை, இப்படிக் கல்லாக இருக்கிறாளே என்று தினமும் புலம்புவாள்.

பொட்டி என்று எங்கள் வீட்டில் சொல்வது ஹாலில் தொலைக்காட்சிக்குக் கீழே இருக்கும் கறுப்புப் பெட்டியை. ரொட்டி வாட்டுகிற இயந்திரம் அளவுதான் இருக்கும். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதியதை மற்றதிலும் அப்படியே எழுதிக்கொள்ளும். ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கும் என்கிற கணக்கு. கண்ட கம்பெனிக்காரனின் கம்ப்யூட்டரில் நம் வீட்டுக் கல்யாணப் படத்தை எதற்கு வைக்க வேண்டும், நம்மிடம் பொட்டி இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் வீறாப்புப் பேசி வைத்திருந்தேன். தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்த்தே காலத்தை ஓட்டியவன் நான். வீட்டில் ஒரு குழாய் ஒழுகினாலும், விசிறி முனகினாலும், என்ன கெட்டது என்று மட்டும் பார்க்க மாட்டேன், யார் கை வைத்தது என்றும் பார்த்துவிட்டுத்தான் விடுவேன். அதனால் பிள்ளைகள் எனக்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே சொல்வது மகள் மட்டும்தான்.

கையைக் கழுவிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். 'பாப்பா' ஃபோல்டர் வந்தது. உள்ளே படங்களுக்குப் பதிலாக வரிசை வரிசையாகச் சாம்பல் நிறக் கட்டங்கள். ஒன்றைத் தட்டினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இணையம்தான் மக்கர் பண்ணுகிறது என்று திட்டினேன். அப்புறம்தான் பொட்டியிலிருந்து வந்த சத்தம் காதில் விழுந்தது. டக் என்று ஒரு சத்தம், கொஞ்சம் மௌனம், மறுபடி டக்.

தொழிற்சாலையில் ஒரு பழக்கம் உண்டு. ஸ்க்ரூடிரைவரின் நுனியை இயந்திரத்தின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டால் உள்ளே எந்த பேரிங் தேய்கிறது என்பது தெரிந்துவிடும். அதையே செய்தேன். இடது பக்க டிஸ்க்கில்தான் சத்தம். வலது பக்கம் சீராக ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் பக்கத்தைத் திறந்தேன். இடது டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்கள் ஏராளமாக இருந்தன, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கூடின. சரி, இது போகப் போகிறது, போகட்டும் என்று நினைத்தேன். பதற்றமே இல்லை. இதற்காகத்தானே இரண்டு வைத்திருக்கிறோம்! கெட்டதை மேலும் ஓடவிடக்கூடாது என்று உடனே அணைக்கப் போனேன்.

அணைக்கும் முன் முன்பக்கத்து விளக்குகளைப் பார்க்கலாம் என்று குனிந்தேன். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு சின்ன விளக்கு. நன்றாக இருந்தால் பச்சை, கோளாறு என்றால் ஆரஞ்சு. விளக்குகளே தெரியவில்லை. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அவற்றின் மேல் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் ஆயுத பூஜைப் பொட்டை யாரும் துடைக்க மாட்டோம், அடுத்த பூஜைக்குத்தான் துடைப்போம். நகத்தால் சுரண்டினேன். இடது விளக்கு ஆரஞ்சு. அது தெரிந்த கதைதான். வலது பக்கத்தையும் சுரண்டினேன். அதுவும் ஆரஞ்சு.

நன்றாக ஓடுகிற டிஸ்க்குக்கு ஏன் ஆரஞ்சு? பெட்டியை அணைத்து, வலது டிஸ்க்கை அதன் தட்டோடு உருவி எடுத்து, என் கம்ப்யூட்டரில் தனியாக மாட்டிப் பார்த்தேன். அருமையாகத் திறந்தது. மகளின் கல்யாணம், வளைகாப்பு, என் மனைவி பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மீ கோரேங் நூடுல்ஸுக்கு வரிசையில் நின்ற படம்வரை எல்லாம் இருந்தது. கடைசியில், பூஜைக்காக மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்த என் மோட்டாரின் படம். அதோடு சரி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. 'பாப்பா' என்ற ஃபோல்டரே அதில் இல்லை.

ஆயுத பூஜை அன்று காலையோடு அந்த டிஸ்க் நின்றுபோயிருக்கிறது. அதாவது, ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, ஆனால் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. ஓடுகிற பெட்டியிலிருந்து ஒரு டிஸ்க்கை யாராவது உருவி மறுபடி செருகினால் அப்படித்தான் ஆகும். பெட்டி அதை வெளி ஆளாகப் பார்க்கும். நாமாகப் போய்ச் சேர்த்துக்கொள் என்று சொன்னால்தான் சேர்த்துக்கொள்ளும். அதுவரை மற்றதை மட்டும் வைத்து ஓட்டும். கூச்சல் போட்டு எச்சரிக்கிற வசதி அதில் உண்டு. இடி மின்னலில் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கத்துகிறது என்று அந்தச் சத்தத்தை எப்போதோ நிறுத்தி வைத்திருந்தோம். விளக்கைப் பொட்டு மறைத்துவிட்டது.

யார் கை வைத்தது?

பழக்கதோஷம், வாய்விட்டே கேட்டுவிட்டேன். கையிலிருந்த டிஸ்க்கைத் திருப்பினேன். தட்டின் உள்பக்கத்தில், பெட்டிக்குள் இருக்கும்போது யாருடைய விரலும் போக முடியாத இடத்தில், டிஸ்க்கின் இரும்பு மேல் ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். பக்கத்தில் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்து காய்ந்திருந்தது. சின்ன விரல்.

அன்றைக்கு மோட்டாருக்கு மாலை போட்டுப் படமெடுத்துப் பொட்டியில் ஏற்றிவிட்டு, நானும் மனைவியும் பொரியும் பழமும் வாங்க வெளியே போயிருந்தோம். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் வீட்டில் இருந்தாள். எதையும் தூக்காதே, சும்மா உட்கார் என்று சொல்லிவிட்டுத்தான் போனோம். சொன்னால் கேட்கிற ஜாதியா? திரும்பி வந்து பார்த்தால் வீடு முழுக்கப் பொட்டு. தையல் மெஷின், அரிவாள்மனை, சோற்றுப் பானை, தொலைக்காட்சி ரிமோட்டைக்கூட விடவில்லை. கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். "இன்ஸ்பெக்டர் சார், உங்க பொட்டிக்கும் குளிப்பாட்டி பொட்டு வெச்சாச்சுலா" என்றாள். நான் சிரித்தேன். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் அதற்கு முன்னும் இல்லை, அதற்குப் பின்னும் இல்லை.

பெட்டியைத் துடைக்கும்போது தட்டை இழுத்தால் வருகிறதே என்று இழுத்திருக்கிறாள். உள்ளே இருந்த இரும்புக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு மறுபடி தள்ளியிருக்கிறாள். வேறென்ன? ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் கழற்றித்தான் துடைப்போம். மோட்டாரின் சங்கிலியைக்கூடக் கழற்றுவேன். அப்படிச் செய்யச் சொல்லி வளர்த்தவனே நான்தான். தன் பிள்ளையின் படம் வந்து தங்க வேண்டிய இடத்தை, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே, தெரியாமல் தன் கையாலேயே அடைத்துவிட்டாள் என் மகள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் சாமியைத் திட்டினேன்.

இருந்தாலும் இடது டிஸ்க் முழுசாகச் சாகவில்லை அல்லவா? அதில்தான் பாப்பா இருக்கிறாள். அதைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டி, கெட்ட இடங்களைத் தாண்டித் தாண்டி நகலெடுக்கிற ஒரு புரோகிராமை ஓடவிட்டேன். சூடாகிவிடக்கூடாது என்று பக்கத்திலேயே மேசை விசிறியை வைத்தேன். கொஞ்ச நேரம் நகர்ந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது கும்பிட்ட அதே சாமிகளை மறுபடி கும்பிட்டேன். அவர்கள் அப்போது செய்ததைத்தான் இப்போதும் செய்தார்கள். டக் டக் சத்தம் அடுக்கடுக்காக வந்து, ஒரு கீச்சல் கேட்டு, டிஸ்க் நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் அப்படி ஒரு பொருள் மாட்டியிருப்பதாகவே காட்டவில்லை. அதுவரை நகலானதில் பாப்பா படம் ஒன்றுகூட இல்லை.

மலாக்கா டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஒரு சீனரிடம் கொண்டுபோனேன். நல்ல மனிதர். அவர் அதைக் கோலாலம்பூருக்கு அனுப்பினார். டிஸ்க்கைப் படிக்கிற முள் உடைந்து உள்ளே சுழலும் தகட்டையே கீறிவிட்டது என்று அங்கிருந்து பதில் வந்தது. மீட்டதைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். யாருடைய கல்யாணத்திலோ எடுத்த சில துண்டுகள், ஒரு சமையல் வீடியோவின் சத்தம், அப்புறம் பாப்பாவின் ஒரே ஒரு படம். அதுவும் மேல் பாதிதான். வெள்ளைக் குல்லா, நெற்றி, மூடிய கண்கள். கண்ணுக்குக் கீழே ஒன்றும் இல்லை, வெறும் சாம்பல் நிறம். மூக்கு இல்லை. வாய் இல்லை.

கடையை விட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்? அந்த வாய் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கும் நினைவுக்கு வரவில்லை.

அதுவரை மகளிடம், அனுப்புகிறேன் மா, பொட்டி கொஞ்சம் மக்கர் செய்கிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். இனிமேல் சொல்லியாக வேண்டும். மனைவியிடம் டிஸ்க்கைக் காட்டினேன். யாரோ உருவிச் செருகியதால்தான் இதில் எழுதவில்லை என்றேன். அவள் சந்தனத்தையும் விரல் ரேகையையும் பார்த்தாள். மகளின் விரல் அவளுக்குத் தெரியாதா?

"நான் தொடச்சேன்னு சொல்லிடுங்க" என்றாள். பூஜைக்கு வீட்டைத் துடைப்பது நான்தானே, மகள் நம்பிவிடுவாள், நான் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன் என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். மகளுக்கு மனசு ஒடிந்தால் போய் விழுவதற்கு ஒரு மடி வேண்டும். தாய் மேல் கோபப்பட்டுவிட்டால் அவள் எங்கே போவாள்? "நீ வேணும் அவளுக்கு. என்மேல கோவப்படட்டும்" என்றேன். மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். எது கெட்டாலும் பக்கத்தில் நிற்பவனைக் குற்றவாளி ஆக்குகிற மனுஷன் இப்படிப் பேசுகிறானே என்று நினைத்திருப்பாள். சமையலறையிலிருந்து ஈரத்துணி எடுத்துவந்து டிஸ்க்கைத் துடைத்தேன். சந்தனம் சுலபமாகப் போய்விட்டது. குங்குமம்தான் போகவில்லை, தேய்க்கத் தேய்க்க இரும்பில் சிவப்பாகப் பரவியது. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். தேய்க்கும்போது அந்த ரேகையும் போயிற்று. பேத்தியின் படத்தைத் தொலைத்தது போதாதென்று மகளின் விரலையும் அழிக்கிறோமே என்று தோன்றியது. ஆனாலும் விடாமல் துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் வந்தார்கள். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று மனைவி கண்ணைக் காட்டினாள். எனக்குச் சோறு இறங்காது என்று தெரியும், உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டேன். ஒரு டிஸ்க் செத்துவிட்டது, இன்னொன்றில் எழுதப்படவே இல்லை, கோலாலம்பூர்வரை அனுப்பிப் பார்த்தாயிற்று, மிஞ்சியது ஒரு பாதிப் படம். அவள் கண்ணைக் கொட்டாமல் கேட்டாள். ஏன் எழுதவில்லை, ரெண்டு இருந்தால் ரெண்டிலும் எழுதும் என்றுதானே நீங்கள் எல்லோரிடமும் சொன்னீர்கள் என்றாள். அப்புறம் கேட்டாள்.

"எது கெட்டாலும் யார் கை வெச்சதுன்னு கண்டுபிடிச்சிடுவீங்களே. இதுல யார் கை வெச்சது?"

"நான்தாம்மா" என்றேன். "தீபாவளிக்கு வீடு சுத்தம் பண்ணப்ப கழட்டினேன். சரியா மாட்டாம விட்டுட்டேன்."

ஆயுத பூஜை என்ற சொல் என் வாயில் வந்துவிடக்கூடாது என்று அத்தனை நாளும் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் அது. எப்போது கழற்றினீர்கள், எப்படிக் கழற்றினீர்கள் என்று துருவிவிடுவாளோ என்று பயந்தேன். அவள் துருவவில்லை. அப்படியே நம்பிவிட்டாள். அப்பா செய்யக்கூடியவர்தான் என்று அவ்வளவு சுலபமாக நம்பியதும் வலித்தது, அதை மறைக்க மாட்டேன்.

"ஒண்ணே ஒண்ணுதானேப்பா உங்கள வெச்சிருக்கச் சொன்னேன்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னவற்றை எழுத எனக்கு மனம் இல்லை. ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட என் பொட்டியைச் சொன்னாள். சின்ன வயதில் அவளை நான் அடித்ததைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் நான் கத்தியதால்தான் அவர்கள் பிள்ளையைச் சரியாகப் பார்க்கவில்லை என்றாள். மருமகன் அவள் கையைப் பிடித்தார், உதறிவிட்டாள். சொல்லச் சொல்ல அவள் குரல் உடைந்தது. உடைந்ததும் என் மனைவி போய்க் கட்டிக்கொண்டாள். மகள் அவள் மடியில் விழுந்து, "என் புள்ள, என் புள்ள" என்று கத்தி அழ ஆரம்பித்தாள். பிள்ளை போனதிலிருந்து அன்றைக்குத்தான் அழுதாள். நான் பின்பக்கம் போய்க் கால்வாய் ஓரமாக நின்றேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு உள்ளே போய்விட்டார். நெடுநேரம் அந்த அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது.

கிளம்பும்போது பென்டிரைவை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். "இதையாவது நான் பத்திரமா வெச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

இப்போது தேறி வருகிறாள் என்று மனைவி சொல்கிறாள். அடிக்கடி அழுகிறாளாம், அழுதுவிட்டுச் சாப்பிடுகிறாளாம், தூங்குகிறாளாம். அந்தப் பாதிப் படத்தைச் சின்னதாகப் பிரதி எடுத்துப் பர்ஸில் வைத்திருக்கிறாளாம். எல்லாம் மனைவி வழியாகத்தான் எனக்குத் தெரியும். ஒருநாள் சொல்லிவிடுவோமே, உங்கள் மேல் பழி எதற்கு என்று அவள் என்னை நச்சரிக்கிறாள். சொல்லவே கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அப்பாவை வெறுத்துக்கொண்டு என் மகளால் வாழ்ந்துவிட முடியும். அந்த இன்னொரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு அவளால் வாழ முடியாது.

நேற்று மத்தியானம் அழைத்தாள். மனைவி குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். எப்படிம்மா இருக்கே என்று கேட்டேன்.

"அம்மாகிட்ட குடுங்க" என்றாள்.

குளிக்கிறாள், கொஞ்சம் இரும்மா என்றேன். சரி, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.